வளர்ந்த இதயமும் வீங்கிய இதயமும்

பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டுக்குச் செல்லும் சாலையில் அமைந்த சிறு நகரம் செமோர். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயமும் ரப்பரும் செழித்திருந்த காலத்தில், அவ்வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரத்துக்கு மரம் நடந்து நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவி, பின்னர் அதே நிரையில் மீண்டும் நடந்து பாலைச் சேர்த்து, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டு செல்வது அவர்களுடைய அன்றாடப் பணி. அப்பணிக்கு உடற்பயிற்சி என்று எவரும் பெயரிட்டதில்லை. ஆயினும் இதயமும் தசையும் பெயரைப் பார்ப்பதில்லை. தம்மிடம் வாங்கப்படும் வேலையையே பார்க்கின்றன.

வேலைக்கு ஏற்ப உறுப்பு மாறும் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால் அம்மாற்றம் நன்மையா, தீமையா என்பதைத் தெளிவாகச் சொல்ல மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ நூறாண்டு தேவைப்பட்டது. பெரிதான இதயம் இருவகைப்பட்டது என்பதே அதற்குக் காரணம். ஒன்று பயிற்சியால் வளர்ந்தது. மற்றொன்று நோயால் வீங்கியது. மார்பைத் தட்டிப் பார்த்து இதயத்தின் எல்லையை அறிந்த அக்கால மருத்துவரின் விரலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. வீங்கிய இதயத்தின் வரலாற்றில் மலாயா நாட்டுக்கும், அங்குக் குடியேறிய தமிழரின் உணவுக்கும் ஓர் இடம் உண்டு.

படகோட்டிகளைப் பற்றிய அச்சம்

1867இல் லண்டன் அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் ஸ்கே, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடைபெறும் படகுப் போட்டி இளைஞரின் உடலைக் கெடுக்கிறது என்று 'டைம்ஸ்' நாளிதழில் எழுதினார். கடும் உழைப்பு இதயத்தைத் தளர்த்திவிடும், அப்படகோட்டிகள் இளமையிலேயே மாள்வர் என்ற எண்ணம் அந்நாளில் பரவலாக இருந்தது. இக்கூற்றை எண்களால் சோதிக்க முனைந்தவர் ஜான் மார்கன் என்னும் மருத்துவர். 1829 முதல் 1869 வரை அப்போட்டியில் துடுப்புப் பிடித்த 294 பேரைத் தேடி, அவர்களின் உடல்நிலையையும் ஆயுளையும் கணக்கிட்டு 1873இல் நூலாக வெளியிட்டார். அவர்கள் விரைவில் மாளவில்லை. அவ்வயதினர்க்கு எதிர்பார்க்கப்படும் ஆயுளைவிட ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாகவே வாழ்ந்தனர் என்பது அவர் கண்ட முடிவு.

அடுத்த படி 1899இல் எடுத்துவைக்கப்பட்டது. சுவீடன் நாட்டின் உப்சாலா நகரப் பேராசிரியர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை நெடுந்தூரப் போட்டிக்கு முன்னும் பின்னும் தட்டிப் பார்த்து, அவர்களுடைய இதயம் பிறருடையதைவிடப் பெரிது என்று கண்டார். அது நோயன்று, பெரிய இதயமே பெரிய வேலையைச் செய்ய வல்லது என்று துணிந்து கூறினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூஜின் டார்லிங் என்பவரும் படகோட்டிகளிடம் இத்தகைய மாற்றத்தைக் கண்டெழுதினார்.

எனினும் மருத்துவருள் பலர் இதை ஒப்பவில்லை. 'விளையாட்டு வீரர் இதயம்' என்ற சொற்றொடர் நெடுங்காலம் ஒரு நோயின் பெயர் போலவே வழங்கியது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மருத்துவமனைப் படுக்கையில் அவர்கள் கண்ட பெரிய இதயங்கள் எல்லாம் தோற்றுக்கொண்டிருந்த இதயங்களே.

மலாயா கண்ட வீங்கிய இதயம்

அத்தகைய இதயங்களை மலாயாவின் மருத்துவமனைகள் மிகுதியாகக் கண்டன. சுரங்கங்களிலும் சாலைப் பணிகளிலும் சிறைகளிலும் 'பெரிபெரி' என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடல் நீர் கோத்து வீங்கும், இதயம் விரிந்து தளர்ந்து, இறுதியில் நின்றுபோகும். இந்நோயில் ஒரு விந்தை இருந்தது. சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியது. அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். தமிழர் உண்டது புழுங்கலரிசி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்பவர், ஒரு பகுதியினர்க்குப் பச்சரிசியும் மற்றொரு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் தந்து பார்த்து, பச்சரிசி உண்டவரிடமே நோய் தோன்றியதை 1907இல் அறிவித்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கிச் சோதித்து, 1909இல் இம்முடிவை உறுதிப்படுத்தினர். கெட்ட அரிசியில் நஞ்சு உண்டு என்று பிராடன் கருதியது தவறு. நஞ்சு இருந்ததால் வந்த நோயன்று அது; ஒரு சத்து இல்லாமையால் வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் மேல்தோலிலும் உள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்னர் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. 'பி 1' என்று இன்று அழைக்கப்படும் உயிர்ச்சத்து அதுவே. அது இல்லையேல், உண்ட மாவுப்பொருளை ஆற்றலாக மாற்ற இதயத் தசையால் இயலாது.

புழுங்கலரிசி காத்தது பெரிபெரியிலிருந்து மட்டுமே. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்டத் தமிழரின் இரத்தத்தை வற்றச் செய்தன. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கீழ்த்திசைக்கு அனுப்பிய ஆய்வுக் குழு, மலாயாவில் இவ்விரு நோய்களையும் ஆராய்ந்தது. இரத்தம் நீர்த்துப்போனால் அது சுமக்கும் பிராணவாயு குறையும். அக்குறையை ஈடுசெய்ய இதயம் இரவும் பகலும் விரைந்து துடிக்கும். நாளடைவில் விரிந்து தளரும். இதுவும் பெரிதான இதயமே. ஆனால் ஓய்வே அறியாமல் பெரிதானது. 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்தபின், தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்குப் புழுங்கலரிசியின் காவலும் இல்லை. காலரா, மலேரியா, பெரிபெரி ஆகிய யாவும் ஒருங்கே அவர்களைக் கொன்றன.

ஆகவே 'தோட்டத்தில் உழைத்தவர் எல்லாம் வலிமையுடன் வாழ்ந்தனர்' என்று பழம்பெருமை பேசுவது உண்மையாகாது. உழைப்பு உடலை வளர்க்க வேண்டுமானால் உணவும் உறக்கமும் ஓய்வும் உடன் வேண்டும். அவை இல்லாத உழைப்பு உடலைத் தேய்க்கும்.

பயிற்சி இதயத்தில் செய்வது

வளர்ந்த நல்ல இதயம் எவ்வாறு அமைகிறது? பயிற்சியில்லாத ஒருவரின் இதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளது. ஓய்வில் நிமிடத்துக்கு 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பது இதன் கணக்கு.

அவர் நாள்தோறும் ஓடப் பழகுகிறார் என்று கொள்வோம். முதலில் மாறுவது இதயமன்று, இரத்தம். சில நாட்களிலேயே இரத்த நீரின் அளவு பெருகத் தொடங்குகிறது. திரும்பி வரும் இரத்தம் மிகுதியாவதால் இதய அறை ஒவ்வொரு முறையும் நன்கு நிறைந்து விரிகிறது. வாரங்களும் திங்களும் செல்லச் செல்ல இதயத் தசையிழைகள் நீள்கின்றன, அறை அகல்கிறது, அதற்கேற்ற அளவில் சுவரும் தடிக்கிறது. ஒரு துடிப்பில் 100 மில்லிலிட்டர் வெளியேறுமானால், அதே 5 லிட்டருக்கு 50 துடிப்பு போதும். நெடுந்தூர ஓட்டக்காரரின் நாடி மெதுவாக இருப்பதன் காரணம் இதுவே. நரம்புகளின் கட்டுப்பாடு மாறுவதும் இதற்குத் துணையாகிறது.

முழு வேகத்தில் ஓடும்போது நாடித்துடிப்பின் உச்ச எண்ணிக்கை பயிற்சியால் உயர்வதில்லை. அது பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. உயர்வது ஒவ்வொரு துடிப்பின் அளவு. அதனால் சாதாரண மனிதரின் இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை இறைக்கும்போது, தேர்ந்த நெடுந்தூர வீரரின் இதயம் 35 லிட்டருக்கு மேலும் இறைக்கிறது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஏ. வி. ஹில் 1920களில் முதுகில் காற்றுப் பையுடன் புல்தரையில் ஓடியவர்களின் மூச்சை அளந்து, பிராணவாயுவை உடல் ஏற்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று காட்டினார். அவ்வரம்பை முதன்மையாக நிர்ணயிப்பது இதயம் இறைக்கும் அளவே என்று பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின.

வீங்கிய இதயத்துக்கும் வளர்ந்த இதயத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. நோயுற்ற இதயத்தில் அறை அகலும். சுருங்கும் வலிமை குறையும். அதனால் அது ஓய்விலும் விரைந்து துடிக்கிறது. பழகிய இதயத்தில் அறை அகலும். வலிமையும் உடன் வளரும். ஆதலின் அது ஓய்வில் நிதானமாகத் துடிக்கிறது.

ஒலியலைகளைக் கொண்டு இதயத்தைப் படம்பிடிக்கும் கருவி வந்தபின் இவ்வேறுபாட்டைக் கண்ணாலும் காண முடிந்தது. ஓட்டம், நீச்சல் போன்றவற்றில் அறை அகலுகிறது, மல்யுத்தம், குண்டெறிதல் போன்றவற்றில் சுவர் தடிக்கிறது என்று 1975இல் அமெரிக்க மருத்துவர் மார்கன்ராத்தும் அவர் துணைவரும் எழுதினர். இப்பிரிவு அத்துணைத் திட்டவட்டமானதன்று என்பது பின்னர்த் தெரியவந்தது. பல விளையாட்டுகளில் இரண்டும் கலந்தே நிகழ்கின்றன. 1991இல் இத்தாலியில் பெலிச்சியா குழுவினர் 947 தேர்ந்த வீரர்களை ஆராய்ந்தபோது, இடக் கீழறையின் சுவர் 13 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தவர் 16 பேர் மட்டுமே. பயிற்சியால் வரும் தடிப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், அதைக் கடந்தால் பரம்பரை இதயநோய் உண்டா என்று தேட வேண்டும் என்பதும் இதனால் மருத்துவருக்குத் தெளிவாயின.

தசையின் பழக்கம்

இதயம் அனுப்பும் இரத்தத்தைத் தசை பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். 1873இல் பிரெஞ்சு அறிஞர் ரான்வியே சிவப்புத் தசை, வெண்தசை என இருவகையைப் பிரித்துக் காட்டினார். சிவப்புத் தசை மெதுவாகச் சுருங்கும், நெடுநேரம் சோராது. வெண்தசை விரைந்து சுருங்கும், விரைவில் களைக்கும். மனிதத் தசைகளில் இருவகை இழைகளும் கலந்தே உள்ளன. 1962இல் சுவீடன் நாட்டுப் பெர்க்ஸ்ட்ரோம் ஓர் ஊசியால் தசையின் சிறு துணுக்கை எடுத்து ஆராயும் முறையைப் பரவலாக்கியபின், ஓடுபவரின் தசைக்குள்ளேயே புகுந்து பார்க்க வழி பிறந்தது.

1967இல் அமெரிக்க அறிஞர் ஹோலோசி, எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டு ஆராய்ந்து, அவற்றின் தசை உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் இழைமணிகளின் செயல்திறன் ஏறத்தாழ இருமடங்கானதைக் கண்டார். பயிற்சி பெற்ற தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பெருகுகின்றன. அத்தசை கொழுப்பை மிகுதியாக எரித்து, சேமித்த சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. எடை தூக்கும் பயிற்சியில் நிகழ்வது வேறு. முதல் சில வாரங்களில் தசை பெருக்கும் முன்னரே வலிமை கூடுகிறது. நரம்புகள் இழைகளை ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்வதால் வரும் வலிமை அது. இழைகள் தடிப்பது அதன் பின்னரே.

'பழகுதல்' என்ற தமிழ்ச்சொல் இங்கு நன்கு பொருந்துகிறது. புதுக் காளை வண்டிக்குப் பழகும். புதுச் செருப்பு காலுக்குப் பழகும். எதற்குப் பழகுகிறதோ அதற்கே தசையும் பொருந்துகிறது.

மூன்று தூரங்கள்

இவ்வுண்மையை மலேசியத் தமிழ் ஓட்டக்காரர் மூவரின் வாழ்வில் காணலாம். மணி ஜெகதீசன் 1943இல் செமோருக்கு அடுத்த சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அதே ஆண்டில் தாப்பாவில் பிறந்தவர் எம். இராஜாமணி. சயாம் இரயில் பாதை முடிக்கப்பட்ட ஆண்டும் அதுவே.

ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்று, அங்கு 20.92 விநாடியில் ஓடி நிறுவிய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. இருபத்தொரு விநாடிக்குள் முடியும் ஓட்டத்தில், அவ்வேளையில் மூச்சு தரும் ஆற்றல் சிறு பகுதியே. தசையில் முன்னரே சேமித்த ஆற்றலும், நரம்பின் ஏவலும், விரைவு இழைகளுமே அதை வெல்கின்றன.

இராஜாமணியின் சிறப்பு 400 மீட்டர். அத்தூரத்தில் பெண்கள் ஒலிம்பிக்கில் முதன்முதல் ஓடியது 1964 டோக்கியோவில்தான். அவரும் அங்கு ஓடினார். 1928இல் பெண்கள் 800 மீட்டர் ஓடியபின், அவர்தம் உடலுக்கு அது தாங்காது என்று கூறி அப்போட்டியையே நீக்கியிருந்தனர். 1960 வரை அது திரும்பவில்லை. படகோட்டிகளைப் பற்றி 1867இல் எழுந்த அச்சமே பெண்களைப் பற்றி மேலும் நூறாண்டு நீடித்தது எனலாம். 1966 பாங்காக்கில் 400 மீட்டர் தங்கம் இராஜாமணிக்குக் கிடைத்தது.

மூன்றாமவர் பத்துமலை இராஜ்குமார். 1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் திடல்தடப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அத்தூரத்தில் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தருவது பிராணவாயு. அங்கே பெரிய இதயம் இன்றியமையாதது. ஓட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு உடல்கள் அடங்கியிருக்கின்றன.

ஜெகதீசன் மருத்துவம் பயின்றவர். ஃபிரேசரும் ஸ்டான்டனும் பெரிபெரியை ஆராய்ந்த அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும் பின்னாளில் பணியாற்றினார்.

வந்தது போகும்

பயிற்சியால் வந்தது நிலையானதன்று. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஐந்து இளைஞரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்திச் சோதித்தனர். உடல் ஏற்கும் பிராணவாயுவின் உச்ச அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. இதயம் இறைக்கும் அளவும் குறைந்தது. அதன்பின் பயிற்சி தந்தபோது மீண்டும் உயர்ந்தது. முப்பதாண்டு கழித்து, ஐம்பது வயதில் அதே ஐவரையும் அழைத்து அளந்தனர். முப்பதாண்டு முதுமை செய்த குறைவு, அன்று மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவாகவே இருந்தது! ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் அவர்கள் 1966இல் தொடங்கிய நிலையையே மீண்டும் எட்டினர்.

இந்தச் செய்தி செமோர் வட்டாரத்துக்கு நேராகப் பொருந்துகிறது. ரப்பர் மரங்கள் வீழ்ந்தன. செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அவ்விடத்தைப் பிடித்தன. லயங்களில் வாழ்ந்தோரின் மக்கள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் சென்றனர். பாட்டனார் நாள்தோறும் நடந்த நிரை பேரனுக்கு இல்லை. ஆனால் பாட்டனாரின் சோற்றுத் தட்டு மட்டும் அளவு குறையாமல் வந்து சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு மலேசியத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினரிடம் இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தது; இந்தியரிடம் அது 31.4 விழுக்காடு. உழைக்கும் தசை இரத்தத்துச் சர்க்கரையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உழையாத தசை அதை வெளியிலேயே விட்டுவிடும். இதற்குப் பரம்பரை முதலிய வேறு காரணங்களும் உண்டு எனினும், அசைவின்மை அவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

லண்டனில் ஜெரி மாரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஒரே பேருந்தில் ஒரே சம்பள வாழ்க்கை வாழ்ந்த இருவருள், நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்க்கு மாரடைப்பு மிகுதி; மாடிப்படி ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்க்கு அது குறைவு. நடத்துநர் எவரும் வீரரல்லர். வேலை அவர்களைப் பழக்கியது.

தோட்டத்து வேலையும் அவ்வாறே பழக்கியது. ஆனால் அதன் கூலியாக நோயையும் தேய்வையும் உடன் தந்தது. அவ்வேலை மீண்டும் வர வேண்டுவதில்லை. அது கேட்காமல் தந்த நடையை மட்டும் இனி மனமறிந்து நாடிச் செய்ய வேண்டியுள்ளது. மாணவரைத் திடலில் ஓடவிடும் ஆசிரியர் அவர்களின் இதயத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஓடும்போது மயங்கி விழும் மாணவரையும், மார்புவலி கூறுபவரையும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவரையும் மட்டும் முதலில் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். ஏனையோர்க்குச் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சியும், வயிற்றுக்கு நல்ல உணவும், இடையே ஓய்வும் போதும். மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்னும் கருத்தைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் தன் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது. நூற்றைம்பது ஆண்டு இதய ஆராய்ச்சி அக்கருத்துக்குச் சேர்த்தது ஒன்றே: குறைவால் இழந்ததில் பெரும்பகுதியை, ஐம்பது வயதிலும், பழகினால் திரும்பப் பெறலாம்.